எந்த வெள்ளம் என்று கேட்டாய்

1964 மே 17, ஞாயிறு, மாலை நாலு மணி. இந்த வீட்டில் இருக்க வேண்டியது மூன்று பேர். இருப்பது நான் ஒருவன்.

மகளே, இதை உன்னால் இப்போது படிக்க முடியாது. உனக்கு மூன்றரை வயது. நீ வளர்ந்து, நிக்காஹ் முடிந்து, மட்டாஞ்சேரியை விட்டு இன்னொரு ஊருக்குப் பெட்டி கட்டுகிற அன்றைக்கு உன் கையில் கொடுப்பேன். ஆகவே வளர்ந்த பெண்ணிடம் பேசுவது போலவே எழுதுகிறேன். கவரை ஒட்டப் போவதில்லை. உன் மாமி ஹாஜரா எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும், என் தங்கைதானே. இருபது வருஷம் கழித்துக் கொடுக்கப்போவதை இன்றைக்கே உட்கார்ந்து எழுத என்ன அவசரம் என்று கேட்பாய். நாம் காட்டுக்குப் போய்வந்த கதையை நம் சொந்தக்காரர்கள் அதற்குள் ஒரு தமாஷாக ஆக்கிவிட்டார்கள். அந்தத் தமாஷில் நான் ஆற்றின் நடுவே கல்லில் நின்று ஒரு வசனம் பேசுகிறேன், கேட்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள், கதை அதோடு முடிந்துவிடுகிறது. உன் அம்மா அதில் பேச்சுத் தெரியாத ஒரு ஊர்க்காரி. நீ பெரியவள் ஆவதற்குள் அதுவே நடந்த விஷயமாக உறைந்துவிடும். உன் அம்மாவோ உன்னைக் கூட்டிக்கொண்டு உத்தமபாளையத்துக்கு, தன் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாகிறது. திரும்பி வருவாளா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு எப்போதுமே முடிந்ததில்லை.

என் தமிழில் பிழை இருக்கும். பள்ளியில் படித்தது மலையாளம், டிப்ளமோ இங்கிலீஷில். வீட்டில் பேசிய தமிழ் வாயில் இருந்ததே தவிரக் கையில் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு உன் அம்மாதான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதவைத்து, ரகரத்தையும் றகரத்தையும் பிரித்துக் காட்டினாள். திருத்த ஆள் இல்லாமல் நான் எழுதுகிற முதல் தமிழ்க் கடிதம் இது. களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் பம்ப் ஹவுஸ் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆற்றிலிருந்து எடுக்கிற தண்ணீர் என்ன அழுத்தத்தில், என்ன வேகத்தில், எந்தக் குழாயில் போக வேண்டும் என்று பார்ப்பது என் உத்தியோகம். அதாவது தண்ணீர்தான் எனக்குச் சோறு போடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

நம் ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தண்ணீர், அவ்வளவும் உப்பு. குடிப்பதற்குத் தெருக்குழாய்தான். அது எந்த நேரத்தில் வரும் என்பது குழாய்க்கே தெரியாது. முதலில் பார்த்தவர் "வெள்ளம் வந்நு" என்று ஒரு சத்தம் கொடுப்பார். அவ்வளவுதான், மலையாளத்துக்காரர், கொங்கணிக்காரர், நாம், எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்தச் சத்தம் வந்த திசையில் ஓடுவோம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். கொச்சியிலே பிறந்து வளர்ந்த நம் தமிழிலும் அதுதான். ஆறு பெருக்கெடுத்து வருவதை இங்கே வெள்ளம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை, பொக்கம் என்பார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை.

உன் அம்மா புதுப்பெண்ணாக வந்து மூன்றாம் நாள் என்று நினைக்கிறேன். ஹாஜரா வாசலிலிருந்து, "மைனி, வெள்ளம் வந்துச்சு, ஓடி வாங்க" என்று கூப்பிட்டாள். மைனி வரவில்லை. குடம் நிறைந்ததும் உள்ளே போய்ப் பார்த்தோம். உன் அம்மா தன் கல்யாணப் பெட்டியைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, அரிசிச் சாக்கை இழுத்துக்கொண்டிருந்தாள். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "எவ்வளவு தூரம் வந்திருச்சு?" என்று கேட்டாள். முல்லையாற்றங்கரையில் வளர்ந்தவள், அவளுக்கு வெள்ளம் என்றால் ஒரே அர்த்தம்தான். ஹாஜரா தரையிலே உட்கார்ந்து சிரித்தாள். நானும்தான். தொழிற்சாலை காண்டீனில் போய் இதை நடித்தே காட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு விதி வைத்தேன். இங்கே இருக்கிறவள் இங்கத்துப் பேச்சைப் பேச வேண்டும், நாளைக்குக் கடையில், ஆஸ்பத்திரியில் பேர் கெடக் கூடாது. "தண்ணி வேணுமா?" என்று அவள் கேட்டால் எனக்குக் காது கேட்காது. பேப்பரைப் புரட்டிக்கொண்டு இருப்பேன். "வெள்ளம் வேணுமா?" என்று கேட்டால்தான் கையை நீட்டுவேன். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பழக்குகிறோம் என்று நினைத்தேன். அவள் கெட்டிக்காரி, ஒரு மாதத்தில் பழகிவிட்டாள். ஆனால் உன்னோடு தனியாக இருக்கும்போது தண்ணி என்றுதான் சொல்வாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். நீ ஒருத்தி மட்டும் இந்த வீட்டில் இரண்டையும் கற்றுக்கொண்டிருந்தாய்.

காட்டுக்குப் போனதே அவளுக்காக. உன் அம்மா, ஐந்து வருஷமாக இந்தக் காயல் தண்ணீரையே பார்க்கிறேன், அது அசையவே மாட்டேன் என்கிறது, ஓடுகிற ஆற்றில் ஒரு நாள் காலை நனைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து வந்த இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, ஹாஜராவின் புருஷன் காதர் மச்சான் ஜூ டவுன் என்கிற யூதர் தெருவின் மிளகுக் கிடங்கு வழியாக ஒரு வாடகை வேன் பிடித்தார். நாம் மூன்று பேர், அவர்கள் இரண்டு பேர், அவர்களுடைய பையன்கள் இரண்டு, டிரைவர் பைலி சேட்டன். போனது எட்டுப் பேர். ஆலுவா, காலடி, மலையாற்றூர் தாண்டியதும் ரிசர்வ் காடு. கொச்சியிலிருந்து காலையில் கிளம்பினால் பதினொரு மணிக்குக் காட்டுக்குள் இருக்கலாம் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் எறணாகுளத்து ஆட்கள் பாயும் பாத்திரமுமாக வருகிற இடம்தான். கேட்டில் பாஸ் எழுதிய காவல்காரர், மேலே மலையில் மழை இருக்கிறது, ஆற்று மணலில் அதிக நேரம் உட்கார வேண்டாம் என்று சொன்னார். நான் அண்ணாந்து பார்த்தேன். துடைத்துவைத்த மாதிரி வானம். சரி என்று தலையாட்டினேன், பத்து அடி போவதற்குள் மறந்துவிட்டேன்.

அந்த இடத்தை உனக்குச் சொல்ல வேண்டும், உனக்கு நினைவிருக்காது. பெரிய ஆற்றுக்கு வந்து சேர்கிற ஒரு காட்டாறு. மேசை மேசையாகக் கற்கள். கல்லுக்கு நடுவே கணுக்கால் அளவு தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். ஒரு வளைவில் வெள்ளை மணல் திட்டு. அதில் பாய் விரித்தோம். இரண்டு கரையிலும் மரங்கள் வெயிலையே உள்ளே விடவில்லை. எங்கேயோ மேலே ஒரு மலையணில் கத்திக்கொண்டே இருந்தது. காதர் மச்சான் அது புலி என்று பையன்களிடம் சொல்ல, சின்னவன், "புலிக்கு ஜலதோஷமா வாப்பா?" என்று கேட்டான். உன் அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆற்றில் நடந்தாள். ஐந்து வருஷத்தில் அவள் இப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் ஊர் ஆறு, எங்கள் ஊர் மணல், எங்கள் ஊர் மீன் என்று ஒவ்வொன்றையும் உனக்குக் காட்டினாள். நெய்ச்சோறும் கோழியும் தின்று முடித்தபோது கொண்டுவந்த குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது. பைலி சேட்டன் இரண்டு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு காவல்காரரின் கிணற்றுக்குப் போனார். உன் அம்மா தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளு எடுக்க, மறைவாக இருக்கட்டும் என்று ஆற்றோரமாகவே மேலே நடந்து வளைவைத் தாண்டிப் போனாள்.

நான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஆற்று நடுவில் இருந்த கல்லுக்குப் போனேன். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாதே. நீ மேலே இருந்து ஓர் இலையைப் போடுவாய், அது கீழே உள்ள கல்லைத் தொடும்வரை நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். நீரோட்டத்தின் வேகம் அளக்கிறோம் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீயும் 'வேகம், வேகம்' என்றாய். முதல் நாலைந்து இலைகள் ஒரே கணக்கில் வந்தன. பிறகு ஒன்று சீக்கிரம் வந்தது. அடுத்தது அதைவிடச் சீக்கிரம். நான் கடிகாரத்தைச் சந்தேகித்தேன். தண்ணீரைச் சந்தேகிக்கவில்லை.

அப்போதுதான் வளைவுக்கு மேலேயிருந்து உன் அம்மாவின் குரல். "வெள்ளம் வருது... என்னாங்க, வெள்ளம் வருது."

அங்கே இருந்த பெரியவர்கள் மூன்று பேரில் ஒருவருக்காவது ஓடத் தோன்றவில்லை. ஓட வேண்டிய சொல்லே இல்லை அது. பைலி சேட்டன் பாத்திரத்தோடு வருகிறார், அவள் பார்த்துவிட்டாள், சொல்கிறாள் என்றே நினைத்தோம். ஹாஜரா மரத்தடியில் கண்ணயர்ந்திருந்தவள் எழுந்து, காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினாள். "கிளாஸ எடுத்துட்டு வாங்கடா, வெள்ளம் வந்துச்சு" என்று கரையில் நின்ற பையன்களையும் கீழே கூப்பிட்டாள். தெருக்குழாய்க்கு ஓடிப் பழகிய கால் அப்படித்தான் போகும். காதர் மச்சான் தூக்கத்திலேயே, எனக்கும் ஒரு கிளாஸ் என்றார். நான் கல்லின்மேல் நின்று, திரும்பிக்கூடப் பார்க்காமல், இப்போது எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற அந்த வசனத்தைச் சொன்னேன்.

"வந்தா அங்கயே எறக்கி வைக்கச் சொல்லு."

அவள் இன்னொரு முறை கத்தினாள். அதே சொல்தான். அதற்குமேல் கத்தவில்லை. வளைவில் அவள் ஓடிவந்ததைப் பார்த்தேன். தலையில் துணி இல்லை, செருப்பு இல்லை. கல் கல்லாகத் தாவி, முழங்கால் தண்ணீரில் இறங்கி, உன்னை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது, பயம் இல்லை. என்ன இது என்று கேட்கத்தான் அவள் பின்னால் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் தண்ணீரின் நிறம் கண்ணில் பட்டது. சாயா நிறம். காலில் குப்பையும் சுள்ளியும் வந்து இடித்தன. கணுக்கால் அளவு இருந்த இடத்தில் எனக்குத் தொடைவரை நனைந்தது. நான் கரையில் கை வைத்தபோது மேலே ஒரு சத்தம், பெரிய பம்பில் காற்று புகுந்தால் வருமே, அது போல. மணல் திட்டு போய்விட்டது. பாய் போனது. நெய்ச்சோற்றுச் செம்புப் பானையின் மூடி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. ஹாஜராவும் பெரியவனும் எப்படியோ கரையேறிவிட்டார்கள், சின்னவன் இடுப்புத் தண்ணீரில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றான். காதர் மச்சான் குதித்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். நீயும் நானும் நின்ற கல்லைத் தேடினேன். அது எங்கே இருந்தது என்றே சொல்ல முடியவில்லை.

எண்ணினேன். திரும்பத் திரும்ப எண்ணினேன். ஏழு பேர் இருந்தோம். எட்டாவது ஆள் மரங்களுக்கு நடுவே இரண்டு கையிலும் பாத்திரத்தோடு வந்தார். எங்கள் கோலத்தைப் பார்த்துத் திகைத்து, என்ன சொல்வது என்று தெரியாமல் பைலி சேட்டன், "வெள்ளம்... கொண்டுவந்நிட்டுண்டு" என்றார். ஹாஜராவுக்கு அங்கே சிரிப்பு ஆரம்பித்தது. நிறுத்த முடியவில்லை. அழுகையும் கூடவே வந்தது. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். பயத்துக்கு ஒரு வாசல் வேண்டும், அவளுக்கு அந்த வாசல் கிடைத்தது. ஆனால் தமாஷ் பிறந்தது அந்த நிமிஷத்தில்தான். நீ மட்டும் சிரிக்கவில்லை. உன் அம்மாவின் தோளில் இருந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்:

"அத்தா, இது எந்த வெள்ளம்?"

உன் அம்மா என்னைப் பார்த்தாள்.

வேனில் திரும்பினோம். ஆலுவா நெருங்கும்போது காதர் மச்சான் என் வசனத்தை முதல் தடவையாகச் சொல்லிக் காட்டினார். சிரித்தார்கள். ஹாஜரா திரும்பி, "எண்டாலும் மைனி, பொக்கம்னு ஒரு வாக்கு சொல்லியிருந்தா நாங்க ஓடியிருப்போமே. அஞ்சு வருசமாச்சில்லே இங்க வந்து" என்றாள். குத்திப் பேச வேண்டும் என்று பேசவில்லை, அவள் வாய் அப்படி. அதற்குப் பதிலை நான்தான் சொன்னேன். ஆபத்து நேரத்தில் கேட்கிறவனுக்குப் புரிகிற சொல்லைச் சொல்ல வேண்டும், எங்கள் தொழிற்சாலையில் தீக்கு ஒரு சங்கு, ஷிப்டுக்கு ஒரு சங்கு, மாற்றி ஊதினால் வேலை போய்விடும் என்று விளக்கம் கொடுத்தேன். உன்னைப் பிடுங்கியெடுத்துக் கரை சேர்த்தவளுக்கு, மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, நான் சங்குப் பாடம் நடத்தினேன்.

"என் வாயில அதுதாங்க வந்துச்சு" என்றாள். அவ்வளவுதான்.

அந்த வாரமே வியாழக்கிழமை உன் மாமு, உன் அம்மாவின் அண்ணன், வந்தார். கோடை விடுமுறைதானே, நாலு நாள் இருந்துவிட்டு வரட்டும் என்றார். உன் அம்மா மூன்று சேலை எடுத்துவைத்தாளா, எல்லாவற்றையும் எடுத்துவைத்தாளா என்று நான் கவனிக்கவில்லை. போன பிறகு அலமாரியைத் திறந்து பார்த்தேன், பாதி இருக்கிறது. பாதி என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? வாசலில் அவள் உன்னிடம், அத்தாவிடம் சொல்லிவிட்டு வா என்றாள். நீ வந்து, "போய்ட்டு வர்றேன் அத்தா" என்றாய். வர்றோம் என்று சொல்லவில்லை. அவள் அப்படிச் சொல்லிக்கொடுத்தாளா, நீயாகச் சொன்னாயா? ஒரு குழந்தையின் ஒருமை பன்மையைப் பிடித்துக்கொண்டு பத்து நாளாக நான் கிடந்து உழல்கிறேன். கடிதம் ஒன்றும் வரவில்லை. இங்கிருந்தும் போகவில்லை. எத்தனையோ தடவை உட்கார்ந்தேன், முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது.

இதுவரை எழுதி நிறுத்தும்போது தெருவில் சத்தம். "வெள்ளம் வந்நு." பேனாவை எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடிய பிறகுதான் குழாய் என்று உறைத்தது. குடத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பெண்கள் வரிசையில் நின்றேன். பக்கத்து வீட்டு மேரி சேச்சி, "எந்தா, பெண்ணும்பிள்ள இது வரே வந்நில்லே?" என்றாள். உன் அம்மா வருவாள் என்றேன். "போயி விளிக்காதே வருமோ?" என்று கேட்டுவிட்டு என் குடத்தைத் தனக்கு முன்னால் தள்ளி வைத்தாள். போய்க் கூப்பிடாமல் வருவாளா என்று. அவள் கேட்டதும் சரிதான்.

குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு யோசித்தேன். ஹாஜரா சொன்னது, நான் சொன்னது, எல்லாம் தலைகீழ். உன் அம்மா தப்பான சொல்லைச் சொல்லவில்லை. அவள் சொல்லுக்குள் இருந்த ஆற்றை எடுத்து எறிந்துவிட்டு, அதில் ஒரு கிளாஸ் குடிதண்ணீரை வைத்தவன் நான்தான். காது கேட்காதவன் போல உட்கார்ந்து உட்கார்ந்து வைத்தேன். உயிர் போகிற நேரத்தில் அவள் தன் சொல்லை எடுத்தாள், நான் அவளுக்குப் பழக்கிய சொல்லைக் கேட்டேன். நான் சொன்னதைக் கேட்டு நிற்கிற பழக்கமும் அவளுக்குப் பிடித்திருந்தால் அவளும் ஓடிவந்திருக்க மாட்டாள். நீ இந்தக் கடிதத்தைப் படிக்க இருந்திருக்க மாட்டாய்.

உபதேசம் எனக்கு வராது, இரண்டு விஷயம் மட்டும். காட்டுக்குப் போனால் வானத்தைப் பார்க்காதே, தண்ணீரைப் பார். நிறம் மாறினால் செருப்பைக்கூடத் தேடாமல் ஏறிவிடு. காட்டுக்குப் போகாதே என்று சொல்ல மாட்டேன், உன் அம்மா அன்றைக்கு ஆற்றில் பேசிய குரலை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. இன்னொன்று, நீ போய்ச் சேர்கிற வீட்டில் வேறு பேச்சு இருக்கும். கற்றுக்கொள், நல்லதுதான். உன்னுடையதை விட்டுக்கொடுத்துத்தான் கற்க வேண்டும் என்று எவனாவது காது கேட்காதவன் போல உட்கார்ந்திருந்தால், அவனிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு.

இனி நான் செய்யப்போவது:

1. இன்றைக்கே ஹாஜரா வீட்டுக்குப் போய், கதையை இனி முழுக்கச் சொல்ல வேண்டும், என் வசனத்தோடு நிறுத்தக் கூடாது, உன்னைக் கரைக்குத் தூக்கிப் போனது யார் என்பது வரை சொல்ல வேண்டும் என்று கறாராகச் சொல்வேன்.

2. லீவுச் சீட்டை எழுதிக் காதர் மச்சான் கையில் கொடுத்துவிட்டு, நாளை முதல் பஸ்ஸில் குமுளி, அங்கிருந்து இறங்கி உத்தமபாளையம்.

3. உன் மாமு வாசலில் நிறுத்தி என்ன கேட்டாலும் விளக்கம் கொடுக்க மாட்டேன். சங்கைப் பற்றிப் பேசவே மாட்டேன்.

4. உன் அம்மா உட்காரச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், குடிக்கத் தண்ணி கேட்பேன். தண்ணி என்றே கேட்பேன். அவளுக்குக் காது கேட்கவில்லை என்றால், கேட்கிற வரைக்கும் கேட்பேன்.